இரண்டாவது பொட்டலம்

செம்மறி ஆட்டின் ஈரல் புழுவுக்கு மருந்து கேட்கவில்லை என்று ஒரு பண்ணைக்காரர் சொன்னால் நான் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான்: மருந்து ஊற்றி மூன்று வாரம் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடியும் எடுத்தீர்களா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். சிலருக்குக் கோபம்கூட வரும். ஆடு இளைத்துத் தாடை வீங்கி நிற்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பார்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்து, இப்போது வடக்கே கம்பிரியா பக்கம் ஒரு நோயறி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மலையும் ஓடையும் ஓயாத மழையும் உள்ள ஊர், மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். தினமும் தபாலில் புழுக்கைப் பொட்டலங்கள் வரும், அவற்றில் முட்டை தேடுவது என் வேலை. முதல் பொட்டலம் எல்லோரும் அனுப்புகிறார்கள். இரண்டாவது பொட்டலம்தான் வருவதில்லை. அது வராததால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகள் இரண்டில் பார்த்த பிறகு இந்த விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

ஈரல் புழுவைக் கொல்லும் டிரைகிளாபெண்டசோல் என்ற மருந்து 1983-இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பும் ஈரல் புழுவுக்கு மருந்துகள் இருந்தன, இப்போதும் வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் மற்றவை எல்லாம் ஓரளவு வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். குளோசாண்டல் ஆறேழு வாரத்தைத் தாண்டிய புழுக்களிடம் நன்றாக வேலை செய்யும், அதற்கும் இளையவற்றிடம் தடுமாறும். ஆல்பெண்டசோல், ஆக்ஸிக்ளோசனைடு போன்றவை பித்தநாளத்துக்குள் வந்து குடியேறிய முழுப் புழுவுக்கு மட்டும்தான். டிரைகிளாபெண்டசோல் ஒன்றுதான் ஆட்டின் குடலைத் துளைத்து வெளியே வந்து சில நாட்களே ஆன குஞ்சுப் புழுவையும் கொல்லும், மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்ததையும் கொல்லும். இலையுதிர் காலத்தில் ஆடுகள் திடீரென்று சாவது முட்டை போடும் புழுவால் நடப்பதில்லை. நூற்றுக்கணக்கான இளம்புழுக்கள் ஒரே நேரத்தில் ஈரலைக் குடைந்துகொண்டு போகும்போது உள்ளே ரத்தம் கசிந்து செத்துப் போகின்றன. அந்தச் சாவைத் தடுக்கச் சரியாகப் பொருந்தும் மருந்து இது ஒன்றுதான். அதனாலேயே எல்லோரும் இதையே ஊற்றினார்கள், வருடத்துக்குப் பல முறை, அவசியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1995-இல் ஆஸ்திரேலியாவில் இருந்து முதல் எதிர்ப்புத்திறன் செய்தி, அதாவது இந்த மருந்துக்கும் சாகாத புழு பற்றிய செய்தி, வந்தது. அப்புறம் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், நெதர்லாந்து, ஸ்பெயின், தென் அமெரிக்கா என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே எதிர்ப்புத்திறன் என்பது வெறும் பீதி என்று நான் சொல்ல வரவில்லை. அது உண்மை, பரவுகிறது, எனக்குப் பயமாகவும் இருக்கிறது. எந்தப் பண்ணையில் இருக்கிறது, எந்தப் பண்ணையில் இல்லை என்பதை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

முட்டை மட்டுமே தெரியும்

ஈரல் புழு முட்டை மற்ற புழு முட்டைகளைவிடக் கனமானது, உப்புக் கரைசலில் மிதக்க வைத்துப் பார்க்கும் வழக்கமான முறை இதற்குச் சரிப்படாது. புழுக்கையைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் வடிகட்டி, அடியில் படிய விட்டு, மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி படிய விட்டு, கடைசியில் ஒரு சொட்டு மெத்திலீன் ப்ளூ. புல் துணுக்குகள் எல்லாம் நீலமாகிவிடும், முட்டை மட்டும் சாயம் ஏறாமல் பொன்மஞ்சளாக நிற்கும். நல்ல கண்ணுக்கு இது கஷ்டமில்லை. கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. புழு இருப்பது ஈரலில், நம் கைக்கு வருவது முட்டை. இரண்டுக்கும் நடுவில் பித்தப்பை உட்கார்ந்திருக்கிறது. மருந்தில் புழு எல்லாம் செத்த பிறகும் பித்தப்பையில் தேங்கிய முட்டைகள் இரண்டு மூன்று வாரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் பெயருக்குத் தபால் வந்துகொண்டே இருப்பதுபோல. பத்தாம் நாள் புழுக்கை எடுத்தால் மருந்து தோற்றதாகத் தெரியும். அதனால்தான் இருபத்தொரு நாள் காத்திருக்கச் சொல்கிறோம். ரொம்பத் தாமதித்தாலும் ஆபத்து, மருந்து ஊற்றிய பிறகு மேய்ச்சலில் புதிதாக ஏறிய புழு வளர்ந்து முட்டை போட ஆரம்பித்துவிடும்.

டிரைகிளாபெண்டசோல் உடம்பில் தங்கிக் காவல் காக்கும் மருந்து கிடையாது. இன்றைக்கு ஊற்றினால் இன்றைக்கு உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும், அதற்கு அடுத்த வாரம் ஈரமான புல்லோடு உள்ளே போகும் புழுவை ஒன்றும் செய்யாது. அக்டோபரில் மருந்து ஊற்றிவிட்டு ஜனவரியில் ஆட்டின் புழுக்கையில் முட்டை பார்த்ததும் மருந்து தோற்றது என்பவர்கள் எத்தனையோ பேர். புழு உள்ளே போனதிலிருந்து முட்டை போட பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரியில் தெரியும் முட்டை அக்டோபர் மருந்துக்குப் பிறகு ஏறிய புழுவுடையதாகவே இருக்கலாம். அது மேய்ச்சலைப் பற்றிய தகவல், மருந்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. கடந்த பல ஆண்டுகளாக இங்கே முதல் வயிற்றில் வாழும் தட்டைப்புழு ஒன்று பெருகியிருக்கிறது. அதன் முட்டையும் கிட்டத்தட்ட அதே வடிவம், மூடியும் உண்டு, நிறம் மட்டும் மஞ்சளாக இல்லாமல் கண்ணாடிபோல இருக்கும். டிரைகிளாபெண்டசோல் அந்தப் புழுவைத் தொடாது. அவசரத்தில் பார்ப்பவர் அதை ஈரல் புழு முட்டை என்று எண்ணிவிட்டால் மருந்து துளியும் வேலை செய்யவில்லை என்ற முடிவுதான் வரும். அப்புறம் மருந்தின் அளவு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று சீசாவில் எழுதியிருக்கும். ஆட்டைத் தராசில் ஏற்றாமல் கண்ணால் எடை மதிப்பவர்கள் அநேகமாக எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பார்கள், மருந்து புகட்டும் துப்பாக்கியின் அளவைச் சரிபார்ப்பவர்களும் குறைவு. பத்து கிலோ குறைத்து மதித்த ஆட்டில் புழு தப்பித்தால் அது புழுவின் கெட்டிக்காரத்தனம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அப்படிக் குறைந்த அளவில் தப்பிக்கும் புழுக்கள்தான் நாளைய எதிர்ப்புத்திறனுக்கு விதை என்பதும் சரிதான், அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்கவில்லை.

முட்டைக்குப் பதிலாகப் புழுவையே தேடும் வழியும் இருக்கிறது. புழு பித்தநாளத்தில் இருந்துகொண்டு வெளியிடும் புரதத்தைப் புழுக்கையில் கண்டுபிடிக்கும் எலைசா என்ற பரிசோதனை. ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பல்கலைக்கழகத்தில் உருவான, அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஓர் ஆன்டிபாடியை வைத்து பெல்ஜியத்தின் பயோ-எக்ஸ் நிறுவனம் கிட்டாக விற்கிறது. இது முட்டை வருவதற்குச் சில வாரம் முன்பே புழுவைக் காட்டிவிடும், புழு செத்தால் இரண்டு வாரத்துக்குள் நெகட்டிவ் ஆகிவிடும், பித்தப்பை மிச்சம் என்ற தொல்லையும் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த பரிசோதனை. ஆனால் இதற்கும் மருந்துக்கு முன் ஒரு பொட்டலம், மருந்துக்குப் பின் ஒரு பொட்டலம் வேண்டும். எந்த முறையில் பார்த்தாலும் இரண்டாவது பொட்டலம் இல்லாமல் வேலை நடக்காது.

ஒரே ஓடை, இரண்டு பண்ணைகள்

ஒரு மலைச்சரிவில் மேலே ஒரு பண்ணை, கீழே ஒரு பண்ணை. நடுவில் ஓடை. இரண்டு பேரும் ஸ்வாலடேல் ஆடு வளர்ப்பவர்கள், இரண்டு குடும்பமும் தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். மேல் பண்ணைக்காரர் எங்களோடு ஒத்துழைக்கும் அபூர்வமான மனிதர். குளிர்காலத்தில் ஆடுகள் பட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது சோதனையை ஒழுங்காகச் செய்தார். முதல் புழுக்கை எடுத்தார், ஆடுகளைத் தராசில் நிறுத்தி எடைக்கு ஏற்ற அளவில் மருந்து ஊற்றினார், முதுகில் சாயம் பூசி அடையாளம் வைத்தார், இருபத்தொரு நாள் கழித்து அதே ஆடுகளிடமிருந்து மறுபடி எடுத்து அனுப்பினார். முட்டை எண்ணிக்கை 90 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். கொஞ்சம்கூட குறைந்த மாதிரி தெரியவில்லை. எலைசாவும் பாசிட்டிவாகவே நின்றது. சந்தேகத்துக்கு இடமே இல்லை, அவருடைய பண்ணைப் புழுவுக்கு டிரைகிளாபெண்டசோல் கேட்கவில்லை. வருத்தமான முடிவுதான் என்றாலும் ஆய்வகத்தில் இருப்பவருக்கு இவ்வளவு தெளிவான முடிவு கிடைப்பது பெரிய நிம்மதி.

அவர் இதை மறைத்து வைக்கவில்லை. ஏலச் சந்தையில், தேநீர்க் கடையில், வேலியோரத்தில் எல்லோரிடமும் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார், மற்றவர்கள் ஏமாறக்கூடாது என்று. கீழ் பண்ணைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, ஒரே ஓடைத் தண்ணீர்தானே, மேலே இருப்பது கீழேயும் இருக்கும் என்று முடிவு செய்தார். அடுத்த இலையுதிர் காலத்துக்கு டிரைகிளாபெண்டசோல் வாங்கவே இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் மந்தைக்கு முழுக்கக் குளோசாண்டல் ஊற்றிவிட்டுக் கவலையில்லாமல் இருந்தார். அந்தக் கோடை நல்ல மழை, இந்தப் புழு பெருகும் இடமான நத்தைகளுக்குக் கொண்டாட்டம். நவம்பரில் ஆடுகள் சாகத் தொடங்கின.

இறந்த ஆடுகள் எங்களிடம் வந்தன. அந்த மேசையை மறக்க முடியாது. ஆடுகள் மெலிந்திருக்கவில்லை, நல்ல உடம்பு, சினை பிடிக்கும் பருவத்தில் இருக்கவேண்டிய பெட்டைகள். வயிற்றைத் திறந்ததும் ரத்தம் கலந்த தண்ணீர். ஈரல் வீங்கி, தொட்டால் உடையும் பதத்தில், மேலெல்லாம் நூல் நூலாக ரத்தத் தடங்கள். ஈரலை அறுத்துப் பிழிந்தால் வெள்ளை வெள்ளையாகக் குருணைபோல இளம்புழுக்கள், நுனிவிரலில் எடுத்து எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு. பித்தநாளத்தில் பெரிய புழு ஏதும் இல்லை, குளோசாண்டல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்த மருந்து ஊற்றிய அன்று இவை மிகச் சின்னவையாக இருந்து தப்பித்தவை, அதற்குப் பிறகு ஏறியவையும் சேர்ந்திருக்கும். புழுக்கையைப் பார்த்தால் ஒரு முட்டைகூட இல்லை. முட்டை போடும் வயது வருவதற்குள் ஆட்டையே கொன்றுவிட்டன. டிரைகிளாபெண்டசோல் ஊற்றியிருந்தால் ஓர் ஆடும் செத்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், மழை அப்படி. ஆனால் செப்டம்பரில் ஏறிய புழுக்களையாவது அது அக்டோபரிலேயே முடித்திருக்கும், அந்த மருந்து அவர் பண்ணைப் புழுவுக்குக் கேட்குமானால்.

கேட்குமா? அதுதான் யாருக்கும் தெரியாது, அவருடைய பண்ணையில் யாரும் சோதித்ததே இல்லை. அவருடைய கால்நடை மருத்துவருக்கு அந்த நேரத்தில் வேறு வழியும் இருக்கவில்லை, இளம்புழுவைக் கொல்ல இருக்கும் ஒரே மருந்தை ஊற்றச் சொல்லி, மந்தையை ஈர வயலிலிருந்து மேட்டுக்கு ஓட்டச் சொன்னார். சாவு நின்றது. ஆனால் மருந்தால் நின்றதா, மேட்டுக்குப் போனதால் நின்றதா என்று யார் பிரித்துச் சொல்வது? நல்லவேளையாக, தனியாக வேறு வயலில் நின்ற இளம் பெட்டைகள் சிலவற்றுக்கு நவம்பரில் மருந்து ஊற்றவில்லை. அக்டோபர் குளோசாண்டலில் தப்பிய புழுக்கள் அவற்றுக்குள் வளர்ந்து, குளிர்காலக் கடைசியில் முட்டை போடத் தொடங்கியிருந்தன. அவற்றை வைத்துச் சோதனை செய்தோம். மேல் பண்ணையில் செய்த அதே முறை, அதே எடை, அதே மருந்து, அதே இருபத்தொரு நாள்.

இரண்டாவது பொட்டலங்கள் வந்த அன்று நுண்ணோக்கியில் எனக்கு நீலம் மட்டும்தான் தெரிந்தது. முட்டையே இல்லை. நான் படிய வைத்ததில் தவறோ என்று மறுபடி புதிதாகக் கரைத்துப் பார்த்தேன், வேறொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். முட்டையே இல்லை. எலைசாவும் நெகட்டிவ். மருந்து அங்கே முழுசாக வேலை செய்தது. ஓடைக்கு மேலே கேட்காத மருந்து ஓடைக்குக் கீழே கேட்டது. முந்தைய ஆண்டே இந்த இரண்டு பொட்டலமும் வந்திருந்தால், அந்த நவம்பரில் மேசைக்கு வந்த ஆடுகளில் பல வந்திருக்காது என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடவே இல்லை. கீழ் பண்ணைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "அப்படியென்றால் மேலே இருப்பவன் தப்பாகச் சொன்னானா?" இல்லை ஐயா, அவர் சொன்னது முழுக்கச் சரி, அவருடைய பண்ணைக்கு.

ஒரே தண்ணீர் ஓடும்போது இது எப்படி என்று நானும் மண்டையைக் குடைந்தேன். மேல் பண்ணையில் பல வருடங்களாக வெளியிலிருந்து ஆடு வாங்குகிறார்கள், ஆட்டோடு புழுவும் வரும். வருடத்தில் பல தடவை இதே மருந்தை ஊற்றியும் இருக்கிறார்கள். கீழே வாங்குவது கிடா மட்டும். இது ஒரு காரணமாக இருக்கலாம். நத்தைக்குள் நடப்பது இன்னொன்று. ஒரு முட்டையிலிருந்து வரும் ஒற்றைக் குஞ்சு நத்தைக்குள் புகுந்து நூற்றுக்கணக்கில் பெருகி வெளிவரும், எல்லாம் அச்சு அசலாக ஒரே மரபணு. எதிர்ப்புத்திறன் உள்ள ஒரு குஞ்சு நத்தை கிடைத்துப் பிழைத்துவிட்டால் அந்த மூலையில் அதன் பிரதிகள் குவிந்துவிடும், பக்கத்து மூலையில் வேறு குடும்பம் பெருகும். ஆனால் இதை வைத்து நிம்மதியாகவும் இருக்க முடியாது. பிரிட்டன் புழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டு லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, புழுக்கள் ஊருக்கு ஊர் பிரிந்து கிடக்கவில்லை, ஆடு மாடுகளோடு சேர்ந்து நாடு முழுக்கக் கலந்துகொண்டே இருக்கின்றன என்று காட்டியது. ஆகவே கீழ் பண்ணை என்றைக்கும் தப்பித்தே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இந்த வருட முடிவு இந்த வருடத்துக்குத்தான், சில வருடம் கழித்து மறுபடியும் இரண்டு பொட்டலம் வேண்டும்.

சோதனை தொடாத இடம்

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு உறுத்துவது ஒன்று இருக்கிறது. இருபத்தொரு நாள் சோதனை சொல்வது வளர்ந்த புழுவைப் பற்றி மட்டும்தான். நாம் இந்த மருந்தை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்ற நினைப்பதோ இளம்புழுவுக்காக. முட்டை போடாத புழுவை முட்டையை வைத்து எப்படிச் சோதிப்பது? எலைசா கொஞ்சம் முன்னால் போகும், ஆனால் நான்கு வாரம்கூட ஆகாத புழு அதற்கும் அகப்படாது. ஆடுகளைக் கொட்டகையில் வைத்து, தெரிந்த புழுவைக் கொடுத்து, குறித்த வயதில் மருந்து ஊற்றி, அறுத்து ஈரலில் தப்பியதை எண்ணிப் பார்ப்பதுதான் ஒரே முழுமையான வழி. அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து எடுத்த எதிர்ப்புள்ள புழுவையும் டெவனின் கலம்ப்டனிலிருந்து எடுத்த எதிர்ப்பில்லாத புழுவையும் வைத்து இந்த மாதிரி வேலை எவ்வளவோ நடந்திருக்கிறது. மருந்து பட்ட புழுவின் கருப்பையும் விந்தகமும் எப்படிச் சுருங்குகின்றன என்பதை மெல்லிய துண்டாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, செத்துக்கொண்டிருக்கிறதா சமாளிக்கிறதா என்று சொல்லும் முறையை பெல்ஃபாஸ்டில் வளர்த்தெடுத்தார்கள். அருமையான வேலை, ஆனால் ஓர் ஆட்டையாவது அறுக்காமல் நடக்காது, சாதாரணப் பண்ணைக்காரருக்கு எட்டாது.

அதனால் எல்லோரும் மரபணுச் சோதனைக்காகக் காத்திருக்கிறார்கள், நானும்தான். உருளைப்புழுக்களில் இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கு எதிர்ப்பு வந்தபோது டியூபுலின் என்ற புரதத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பது தெரிந்தது, அதைத் தேடும் பிசிஆர் என்ற மரபணுச் சோதனையும் வந்தது. ஈரல் புழுவிலும் அதே இடத்தில் தேடினார்கள், அங்கே இல்லை. 2015-இல் புழுவின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானது. மனிதத் தொகுப்பில் பாதி அளவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு தட்டைப்புழுவுக்கு அது பிரமாண்டம். 2023-இல் லிவர்பூல் குழு எதிர்ப்புள்ள புழுவையும் இல்லாததையும் இனக்கலப்பு செய்து தலைமுறையாகத் தொடர்ந்து, எதிர்ப்போடு சேர்ந்து வரும் ஒரு மரபணுத் துண்டைக் கண்டுபிடித்தது. அதற்குள் முப்பது மரபணுக்கள். அதில் எது குற்றவாளி, ஒன்றா பலவா என்று இன்னும் பிரிக்க வேண்டும். பெருவின் கூஸ்கோ பகுதிப் புழுக்களில் வேறொரு குழு தேடியபோது கிடைத்த இடங்கள் பிரிட்டனில் கிடைத்ததோடு ஒத்துப்போகவில்லை, ஒவ்வொரு நாட்டிலும் புழு தனித்தனி வழி கண்டுபிடித்திருக்கிறது போலிருக்கிறது. ஆகவே உலகம் முழுக்கச் செல்லும் ஒரே பிசிஆர் நாளைக்கே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தால் சந்தோஷம், முதல் பொட்டலத்திலேயே பதில் சொல்லிவிடலாம், அதுவும் ஆட்டுக்கு மருந்து ஊற்றும் முன்பே.

கூஸ்கோவில் இது ஆட்டோடு நிற்கவில்லை. அங்கே கிராமத்துக் குழந்தைகள் உட்பட மனிதர்களுக்கும் இந்தப் புழு நிறைய வருகிறது, ஓடை நீரில் வளரும் கீரை வகைகளோடும் தண்ணீரோடும் உள்ளே போகிறது. மனிதருக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் மருந்தும் இதே டிரைகிளாபெண்டசோல்தான், வேறு கிடையாது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதை மனிதருக்கு அங்கீகரித்தது 2019 பிப்ரவரியில், அப்போது ஆடுகளில் எதிர்ப்பு தெரிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2012-இல் நெதர்லாந்தில் செம்மறி வளர்ப்பவர் ஒருவருக்கு மருந்து கேட்கவில்லை என்று வெளியானது. 2016-இல் கூஸ்கோவில் பல தடவை மாத்திரை கொடுத்தும் முட்டை நிற்காத 7 பேரைப் பற்றி எழுதினார்கள். அங்கேயும் ஒரு பொய்யான முட்டை உண்டு: புழு உள்ள ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டவர் மலத்தில் அந்த ஈரலில் இருந்த புழு முட்டை சில நாள் வரும், அவருக்கு நோயே இருக்காது. அதனால் சில நாள் ஈரல் சாப்பிடாமல் இருக்கச் சொல்லித் திரும்பப் பார்க்க வேண்டும். அங்கேயும் இரண்டாவது மாதிரிதான். மலைக்கு மேலே இருக்கும் ஒரு தாய் மாத்திரை கொடுத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கீழே வர வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கம் மருந்தகத்தில் இருக்கும் என் வகுப்புத் தோழனிடம் இதையெல்லாம் புலம்பினேன். நம் ஊரில் இருப்பது இதன் பெரிய உறவுக்காரப் புழு, வயலும் குளமும் வாய்க்காலும் மாடும் எருமையும் சேர்ந்த இடமெல்லாம் அது உண்டு. அவன் சொன்னான், "மச்சான், இங்க மொதல் சாம்பிளே யாரும் எடுக்கிறதில்ல. தாடை வீங்குனா ஆக்ஸிக்ளோசனைடு, சரியாகலன்னா மறுபடியும் அதே. நீ ரெண்டாவதப் பத்திப் பேசுற." அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, ஒரு மருத்துவருக்கு எத்தனை ஊர், எத்தனை மாடு. ஆனால் மருந்து தோற்றதா இல்லையா என்று பார்க்காமலே அதே மருந்தை மறுபடி ஊற்றுவது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

இரண்டாவது பொட்டலம் ஏன் வருவதில்லை என்று பண்ணைக்காரர்களிடமே கேட்டேன். சோம்பேறித்தனம் என்று ஆய்வகத்தில் சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மருந்து ஊற்றியதும் ஆடு மலைக்குப் போய்விடுகிறது, மூன்று வாரத்தில் அதே ஆட்டைத் திரும்பப் பிடிக்க ஒரு நாள் வேலை, இரண்டு நாய், ஒரு ஆள் கூலி. ஆடு நன்றாக இருந்தால் ஏன் பிடிக்க வேண்டும், செத்தால் பிடிக்க ஆடே இல்லை. அதற்கு மேல் ஆய்வகக் கட்டணம் இரண்டாவது முறை. எந்த வியாபாரியும் இலவசமாகச் செய்து கொடுப்பதில்லை, மருந்து விற்பவருக்கு அதில் அக்கறை வர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தியதும் இல்லை. நான் சொல்வது சின்ன விஷயம். மருந்து வாங்கும்போதே இரண்டு சோதனைக்கும் சேர்த்துப் பணம் வாங்கிவிட வேண்டும், இரண்டு பொட்டலத்துக்கான பைகளும் தேதி எழுதிய உறைகளும் சீசாவோடு கையில் கொடுக்க வேண்டும், சோதனைக்கு எல்லா ஆடும் வேண்டாம், அடையாளம் பூசிய பத்துப் பன்னிரண்டு ஆட்டைப் பட்டிக்குப் பக்கத்து வயலிலேயே மூன்று வாரம் நிறுத்தி வைத்தால் போதும். எங்கள் வட்டாரத்தில் ஒரு கால்நடை மருத்துவமனை போன குளிர்காலத்திலிருந்து இப்படித்தான் செய்கிறது. அங்கிருந்து வரும் இரண்டாவது பொட்டலங்கள் வெளிப்படையாகவே கூடியிருக்கின்றன. சிலவற்றில் மருந்து தோற்றிருக்கிறது, சிலவற்றில் நன்றாகவே வேலை செய்கிறது, ஒன்றிரண்டில் ஆட்டின் எடையைச் சரியாகப் போட்டதும் தோல்வி காணாமல் போனது. இந்த வாரம் வந்தவற்றை இன்னும் கரைக்கவில்லை, நாளைக் காலை உட்கார வேண்டும்.